வாசிப்பானா, மின்குறிப்பேடா? கருவிக்கு முன் கோப்பைப் பாருங்கள்

மின்தாள் திரை கொண்ட கருவியொன்றை வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு கையில் அடங்கும் 6 அல்லது 7 அங்குல மின்னூல் வாசிப்பான். அமேசானின் கிண்டிலும், கோபோவும் இதில் பரவலாக அறியப்பட்ட பெயர்கள். மற்றொன்று, 10 அங்குல அளவில், ஸ்டைலஸ் எனப்படும் எழுதுகோலோடு வரும் மின்குறிப்பேடு. நார்வே நிறுவனமான ரிமார்க்கபிளின் கருவிகளும், பூக்ஸ், சூப்பர்நோட் ஆகியவையும் இவ்வகையில் பேசப்படுபவை. படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு இன்னொன்று என்று ஒரு காலத்தில் எளிதாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. 2021இல் கோபோ எலிப்சாவும் 2022இல் கிண்டில் ஸ்க்ரைபும் வந்தபின் அந்தக் கோடு மங்கிவிட்டது. 2024இல் வந்த கோபோ லிப்ரா கலர், 7 அங்குல வாசிப்பானிலேயே ஸ்டைலஸால் எழுத இடம் தந்துவிட்டது.

கோடு மங்கியதால், “எழுதவும் முடிகிற கருவியில் படிக்கவும் முடியும்தானே, கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துப் பெரியதையே வாங்கிவிடலாமே” என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. பாதி சரியான எண்ணம் இது. எழுதும் ஆசை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அவர் படிக்கப்போகும் கோப்புகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதே இந்தத் தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தமிழில் படிப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்பதைத் திரையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் பொதுவான திரை

இவ்விரு வகைக் கருவிகளிலும் இருப்பது மின்தாள் எனப்படும் திரை. இத்துறையில் முன்னணியில் இருக்கும் இ-இங்க் நிறுவனம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் நடந்த ஆய்விலிருந்து 1997இல் பிறந்தது. 2009இல் தைவான் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. இந்தத் திரைக்குள் ஏறத்தாழ மயிரிழைத் தடிமனுள்ள நுண்குமிழ்கள் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவமும், அதில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்களும் உள்ளன. வெள்ளைத் துகள்கள் நேர்மின்னேற்றமும் கறுப்புத் துகள்கள் எதிர்மின்னேற்றமும் கொண்டவை. அடியிலுள்ள மின்முனையின் மின்னழுத்தத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும்.

இதிலிருந்து கிளைக்கும் மூன்று விளைவுகள் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையானவை.

1. துகள்கள் ஓரிடத்தில் நின்றபின் அவற்றை அங்கேயே நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கத்தைப் புரட்டும்போதுதான் திரை மின்கலத்தைத் தொடுகிறது. வாசிப்பான்கள் வாரக்கணக்கில் சார்ஜ் தாங்குவது இதனால்தான்.

2. திரை தானாக ஒளிர்வதில்லை. அச்சிட்ட தாளைப் போல, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவில் படிக்க உதவும் விளக்கு, ஓரத்திலிருக்கும் எல்.இ.டி.களின் ஒளியைத் திரையின் மேற்பரப்பில் பரப்பும் முன்விளக்கு. கைப்பேசியில் இருப்பதுபோல் பின்னாலிருந்து கண்ணை நோக்கி வரும் விளக்கு இதில் இல்லை.

3. துகள்கள் திரவத்தில் நகர்ந்தாக வேண்டும் என்பதால் திரை மெதுவானது. முழுப் பக்கத்தைச் சாம்பல் நிறச் சாயல்களோடு சுத்தமாக வரைய ஒரு நொடியில் கணிசமான பகுதி பிடிக்கும். முந்தைய பக்கத்தின் மங்கலான தடம் சில நேரம் எஞ்சி நிற்பதும், அதை அழிக்கத் திரை ஒருமுறை கறுத்து வெளுப்பதும் இந்த மெத்தனத்தின் விளைவுகளே.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. இரவில் ‘இ-ரீடரில்’ படித்தால் தூக்கம் கெடும் என்று 2014 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வை மேற்கோள் காட்டிப் பலர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அந்த ஆய்வில் 12 பேருக்குத் தரப்பட்ட கருவி ஐபேட். ஒளியை உமிழும் டேப்லட் அது. படுக்கைக்கு முன் சுமார் 4 மணி நேரம், முழு வெளிச்சத்தில் படிக்க வைத்தார்கள். அதன் முடிவை மின்தாள் திரைக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது பொருந்தாது. மின்தாளிலும் முன்விளக்கை உச்சத்தில் வைத்துப் படித்தால் கண்ணில் ஒளி விழத்தான் செய்யும். ஆனால் அதைக் குறைக்கவும் முற்றாக அணைக்கவும் வழியுண்டு.

ஸ்டைலஸ் சேர்ந்தால் என்ன மாறுகிறது

மெதுவான திரையில் கையெழுத்து எப்படி உடனே தோன்றுகிறது என்பது நியாயமான கேள்வி. முனை தொடும் சிறு பகுதியை மட்டும், சாம்பல் சாயல்கள் இல்லாமல், கறுப்பு வெள்ளையாக அவசரமாக வரைவதுதான் இதற்கான உத்தி. 2020இல் வந்த ரிமார்க்கபிள் 2 கருவியில் முனை நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் இடையே 21 மில்லிநொடிதான் என்று அந்நிறுவனம் சொன்னது. எழுதி முடித்துக் கையை எடுத்த சில கணங்களில் கோடு இலேசாக மெருகேறுவதைச் சில கருவிகளில் காணலாம். அவசர வரைவை ஒழுங்கான வரைவு மாற்றும் கணம் அது.

முனை இருக்குமிடத்தை அறியப் பல குறிப்பேடுகள் மின்காந்த ஒத்ததிர்வு முறையைப் பயன்படுத்துகின்றன. ஜப்பானின் வேக்கம் நிறுவனத்தால் பரவலான முறை இது. திரைக்கு அடியில் கம்பிச்சுருள் வலை ஒன்று இருக்கும். அது அனுப்பும் அலையின் ஆற்றலை எழுதுகோலுக்குள் இருக்கும் சுருள் வாங்கித் திருப்பி அனுப்பும். எழுதுகோலுக்கு மின்கலமே வேண்டாம். கையை ஊன்றி எழுதினாலும் கோடு விழாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: விரலை உணரும் அடுக்கு வேறு, எழுதுகோலை உணரும் அடுக்கு வேறு, எழுதுகோல் அருகில் வந்ததும் விரலுணர்வைக் கருவி நிறுத்திவிடுகிறது. எல்லா நிறுவனங்களும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. 2024இல் வந்த ரிமார்க்கபிள் பேப்பர் புரோவின் எழுதுகோலை சார்ஜ் செய்தாக வேண்டும், பழைய எழுதுகோல்கள் அதில் எழுதா. ஒரு கருவியின் ஸ்டைலஸ் இன்னொன்றில் எழுதும் என்று நம்பி வாங்கக் கூடாது.

இந்தக் கூடுதல் அடுக்குகளுக்கு ஒரு விலை உண்டு. 2022இன் அடிப்படை கிண்டிலின் எடை 158 கிராம். அதே ஆண்டின் கிண்டில் ஸ்க்ரைப் 433 கிராம். அமெரிக்காவில் முன்னதன் அறிமுக விலை ஏறத்தாழ 100 டாலர், பின்னதன் விலை ஏறத்தாழ 340 டாலர். மூன்று மடங்குக்கும் மேற்பட்ட விலை வித்தியாசத்தை எல்லாரும் கவனிக்கிறார்கள். எடையை வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் படிப்பவருக்கும், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படிப்பவருக்கும் 158 கிராமுக்கும் 433 கிராமுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. தினம் படிக்கும் பழக்கம் உள்ளவர் பெரிய கருவியை வாங்கி, ஒரு மாதத்தில் அதை மேசையிலேயே விட்டுவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எடைதான்.

ஓடும் எழுத்தும் நிற்கும் பக்கமும்

மின்னூல் கோப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஈபப், கிண்டிலின் சொந்த வடிவங்கள் ஆகியவற்றில் உரை, எழுத்துகளின் தொடராகச் சேமிக்கப்பட்டிருக்கும். திரையின் அகலத்துக்கும் நீங்கள் தேர்ந்த எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகள் மறுபடி மடிந்து ஓடும். இதை ஓடும் உரை எனலாம். பிடிஎஃப்பில் பக்கம் அச்சுக்குப் போன நிலையிலேயே உறைந்து நிற்கும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் பக்கத்தையே பெரிதாக்க வேண்டும், அப்போது பக்கம் திரைக்கு வெளியே வழியும்.

ஓடும் உரைக்கு 6 அங்குலத் திரை போதும். ஒரு வரியில் சில சொற்கள் குறையும், பக்கங்களின் எண்ணிக்கை கூடும், வேறு நட்டமில்லை. நிற்கும் பக்கத்துக்குக் கணக்கு வேறு. சராசரி 6 அங்குலத் திரையின் பரப்பு 91க்கு 122 மில்லிமீட்டர். 10.3 அங்குலத் திரையில் அது 157க்கு 209. தமிழ் நூல்கள் பெரும்பாலும் வரும் டெமி 1/8 அளவு ஏறத்தாழ 140க்கு 216 மில்லிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் கிடைப்பவை இவை:

1. டெமி 1/8 பக்கம் 6 அங்குலத் திரையில் 56 விழுக்காடாகச் சுருங்கும். 11 பாயின்ட்டில் அச்சான எழுத்து 6 பாயின்ட் போலத் தெரியும்.

2. அதே பக்கம் 7 அங்குலத் திரையில் 66 விழுக்காடு. எழுத்து 7 பாயின்ட்டுக்குச் சற்று மேல்.

3. 10.3 அங்குலத் திரையில் 97 விழுக்காடு. அதாவது, அச்சு நூலைக் கையில் வைத்திருப்பதற்கும் இதற்கும் அளவில் வேறுபாடு இல்லை.

4. ஏ4 அளவிலான ஆய்வேடு, அரசாணை, பல்கலைக்கழகப் பாடக்குறிப்பு போன்றவை 6 அங்குலத்தில் 41 விழுக்காடாகவும், 10.3 அங்குலத்தில் 70 விழுக்காடாகவும் சுருங்கும். 13.3 அங்குலத் திரை கிடைத்தால் 90ஐ எட்டலாம். அவற்றின் விலை வேறு உலகம்.

6 பாயின்ட் என்பது மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளின் எழுத்தை ஒத்தது. ஆங்கில எழுத்து அந்த அளவில் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். தமிழில் ‘ர’வையும் துணைக்காலையும், ‘ன’வையும் ‘ண’வையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு கோடோ சுழியோதான், பழைய நூலொன்றைச் சுமாரான தரத்தில் ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால், அந்தச் சுழியை முதலில் விழுங்குவது இந்தச் சுருக்கம்தான்.

தமிழில் இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவற்றைப் பட்டியலிட்டால் விஷயம் விளங்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறது. அவை பெரும்பாலும் ஓடும் உரையாக மாற்றத்தக்கவை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஈபப் வடிவிலும் நூல்களைத் தருகிறது. மறுபுறம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றப்பட்டுள்ள பழைய இதழ்கள் ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். அவை எழுத்துகளே அல்ல, பக்கங்களின் படங்கள். அடிக்குறிப்பும் பாடவேறுபாடும் நிறைந்த பழைய இலக்கியப் பதிப்புகளில் பக்கத்தின் மேலும் கீழுமாகக் கண் போய்வர வேண்டும். பக்கம் முழுதாகத் தெரியாவிட்டால் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தவே முடியாது.

அதனால்தான், ஒரு வரிகூட எழுத விரும்பாத ஒரு தமிழ் வாசகருக்கும் 10 அங்குல மின்குறிப்பேடு பொருத்தமானதாக அமையலாம். அவருக்கு அது எழுதவும் முடிகிற வாசிப்பான், அவ்வளவே. இதற்கு நேர்மாறாக, கிண்டில் கடையில் வாங்கும் நாவல்களை மட்டும் படிப்பவர், தினமும் நாட்குறிப்பு எழுதுபவராகவே இருந்தாலும், சிறிய வாசிப்பானையும் ஒரு நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

சிறிய திரை ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு வழிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பினால் 122 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். விளிம்பு வெற்றிடத்தை வெட்டிவிட்டால் டெமி 1/8 நூலின் எழுத்து ஏறத்தாழ அச்சளவிலேயே தெரியும். ஒரு பக்கத்தை மூன்று தட்டலில் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருள் ஸ்கேன் பக்கத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சிறு திரைக்கு ஏற்ப அடுக்கித் தருகிறது. சொற்களைப் படமாகவே கையாள்வதால் தமிழுக்கும் அது வேலை செய்யும். கோபோவில் எளிதாக நிறுவிக்கொள்ளக்கூடிய கோரீடர் செயலியிலும் இத்தகைய வசதி உண்டு. நேர்ப்பத்தியில் ஓடும் கதை, கட்டுரைகளுக்கு இவை போதும். இரண்டு பத்தி இதழ்களிலும் அட்டவணைகளிலும் திணறிவிடும்.

தமிழ் எழுத்துகள் கருவிக்குள் படும் பாடு

‘கொ’ என்பதைக் கணினி ‘க’ என்ற எழுத்தாகவும் அதைத் தொடரும் ஒகர உயிர்க்குறியாகவும் சேமிக்கிறது. அந்தக் குறியின் ஒரு பாதியான கொம்பை ‘க’வுக்கு முன்னாலும் மறுபாதியான காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத கருவியில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது அருகே புள்ளியிட்ட வட்டம் தோன்றும். முற்காலக் கிண்டில்களில் தமிழ் பட்ட அவதி இதுதான். 6 அங்குலத் திரைக்கென்றே தனி அளவில் பிடிஎஃப் தயாரித்துத் தருவதை இலவச மின்னூல் தன்னார்வலர்கள் வழக்கமாக்கிக்கொண்டதற்கும் அதுவே பின்னணி. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியபின் அங்கே அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. மற்ற நிறுவனங்களின் கருவிகளை, குறிப்பாகக் குறிப்பேடுகளை, தமிழ் ஈபப் ஒன்றைத் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் இயங்கும் பூக்ஸ் போன்றவற்றில் வேறு வாசிப்புச் செயலியை நிறுவிக்கொள்ளலாம் என்பதால் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது.

தேடல் இன்னொரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கருவிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். அதில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் நூலிலும் அகராதி வசதி ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்: ‘வீட்டிலிருந்து’ என்ற சொல்லைத் தொட்டால், ‘வீடு’ என்ற தலைச்சொல்லுக்குப் போகத் தெரிந்த அகராதி வேண்டும். வேற்றுமையும் சாரியையும் ஏறிய சொற்களைப் பிரிக்கத் தெரியாத அகராதியால் தமிழ் வாசகருக்குப் பயன் குறைவு.

கையெழுத்தைத் தட்டச்சு உரையாக மாற்றும் வசதி மின்குறிப்பேடுகளின் விளம்பரங்களில் பெரிதாக இடம்பெறும். விளம்பரத்தில் ஆங்கிலம் மாறுவதைப் பார்த்துத் தமிழும் மாறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியில் தமிழ் நூல் தெரிவது, தமிழ் விசைப்பலகை இருப்பது, தமிழ்க் கையெழுத்து உரையாக மாறுவது ஆகிய மூன்றும் தனித்தனி வசதிகள். ஒன்று இருப்பதால் மற்றது இருக்கும் என்பதில்லை. ஆதரிக்கப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லையென்றால், நீங்கள் எழுதும் தமிழ்க் குறிப்புகள் படங்களாகவே தங்கும், தேடலில் அகப்படா. அத்தகைய நிலையில் சூப்பர்நோட்டில் இருப்பது போன்ற வசதி பயன்படும்: கையால் எழுதிய தலைப்பை வளைத்துக் குறித்தால், அந்தக் கையெழுத்தே பொருளடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். படமாகவே கையாளப்படுவதால் மொழி எதுவாக இருந்தாலும் சரி. தமிழில் எழுதுபவருக்கு எழுத்து மாற்றியைவிட இதுவே உடனடிப் பயன் தருவது என்பது என் கணிப்பு.

விளிம்பில் எழுதுவது ஏன் நினைத்தபடி நடப்பதில்லை

பென்சிலால் அடிக்கோடிட்டு விளிம்பில் எழுதிப் படித்தவர்கள் மின்குறிப்பேட்டில் அதையே எதிர்பார்க்கிறார்கள். பிடிஎஃப்பில் அது நடக்கும். பக்கம் நிற்பதால் கோடும் போட்ட இடத்தில் நிற்கும். ஓடும் உரையில் எழுத்தளவை மாற்றிய அடுத்த கணம் வரிகள் இடம் பெயரும், நீங்கள் வட்டமிட்ட சொல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், வட்டம் மட்டும் வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். இதனால்தான் முதல் கிண்டில் ஸ்க்ரைபில் மின்னூல் பக்கத்தின் மேல் நேரடியாக எழுத அமேசான் இடம் தரவில்லை. ஒட்டுத்தாள் போன்ற பெட்டிக்குள்தான் எழுத முடிந்தது. 2024இன் ஸ்க்ரைப், எழுத்துக்கு நடுவே பெட்டி ஒன்றைத் திறந்து உரையை அதைச் சுற்றி ஓட வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. சாமர்த்தியமான தீர்வுதான் என்றாலும், பென்சில் பழக்கத்துக்கு அது ஈடாகாது. விளிம்பில் எழுதுவதற்காகவே குறிப்பேடு வாங்குபவர் தன்னுடைய நூல்கள் பிடிஎஃப்பா ஈபப்பா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கையால் எழுதினால் நன்றாக நினைவில் நிற்கும் என்ற வாதமும் விற்பனைப் பேச்சில் அடிக்கடி வரும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்களைவிடக் கையால் எழுதியவர்கள் கருத்துசார் கேள்விகளுக்கு நன்றாகப் பதிலளித்ததாகச் சொன்னது. 2019இல் அதைத் திரும்பச் செய்து பார்த்த ஆய்வாளர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. கையெழுத்தையும் தட்டச்சையும் ஒப்பிட்ட ஆய்வு அது என்பதும் கவனத்துக்குரியது. தாளில் எழுதுவதற்கும் மின்தாளில் எழுதுவதற்கும் இடையே எதைத் தேர்வது என்பதற்கு அது பதில் தரவில்லை.

நூல் யாருடையது, எத்தனை காலத்துக்கு

கருவியோடு ஒரு கடையும் சேர்ந்து வருகிறது என்பதைப் பலரும் விலையை ஒப்பிடும்போது மறந்துவிடுகிறார்கள். கிண்டில் கடையில் வாங்கிய நூலில் பொதுவாகப் பூட்டு இருக்கும். அது ரிமார்க்கபிளிலோ கோபோவிலோ திறக்காது. ரிமார்க்கபிள் பூட்டில்லாத ஈபப்பையும் பிடிஎஃப்பையும் மட்டுமே ஏற்கிறது, அதற்கென்று பெரிய புத்தகக் கடையும் இல்லை. ஏற்கெனவே கிண்டில் கடையில் நூறு நூல்களை வாங்கி வைத்திருப்பவர் வேறு குறிப்பேட்டுக்கு மாறினால் அந்த நூறும் பழைய கருவியிலேயே, அல்லது கைப்பேசிச் செயலியில், தங்கிவிடும். ஆண்ட்ராய்டு குறிப்பேடுகளில் கிண்டில் செயலியை நிறுவிப் படிக்கலாம். ஆனால் மின்தாளுக்காக எழுதப்படாத செயலி என்பதால் அசைவுகள் முரடாக இருக்கும், மின்கலமும் வேகமாகக் கரையும்.

பூட்டின் பொருள் என்ன என்பதைச் சில நிகழ்வுகள் காட்டியிருக்கின்றன. 2009 ஜூலையில், விற்கும் உரிமை இல்லாதவர் கடையில் ஏற்றிய இரு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது வாங்கிய நூல்கள் மறைந்தன, பணம் திரும்ப வந்தது. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30ஆம் தேதியுடன் விற்பனையை நிறுத்தியது. வாங்கியவற்றைத் தரவிறக்கிக்கொள்ள ஓராண்டு தவணை தரப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக மாற்றும் வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது.

குறிப்பேட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் அங்கே இருப்பது விலைக்கு வாங்கிய நூல் மட்டுமல்ல, நீங்களே எழுதியதும். எழுதியவை எந்த நிறுவனத்தின் மேகக்கிடங்கில் சேர்கின்றன, மொத்தமாகப் பிடிஎஃப்பாக ஒரே தடவையில் வெளியே எடுக்க முடியுமா, அதற்கு மாதக் கட்டணம் உண்டா என்பவற்றை வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும். ரிமார்க்கபிள் 2021இல் சந்தா முறையைக் கொண்டுவந்தபோது எழுந்த சலசலப்பு, கருவிக்குக் கொடுத்த விலையோடு கணக்கு முடிவதில்லை என்பதைப் பலருக்கும் உணர்த்தியது.

சில்லறைச் செலவுகளும் வண்ணமும்

மின்கலக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022இன் கிண்டில் ஸ்க்ரைபுக்குச் சொல்லப்பட்ட ‘12 வாரம்’ என்பது நாளுக்கு அரை மணி நேரம் படித்தால் என்ற நிபந்தனையோடு வந்தது. அதே ஸ்க்ரைபுக்கு, அரை மணி நேரம் எழுதினால் 3 வாரம் என்று அமேசானே சொன்னது. எழுதும்போது திரை ஓயாமல் வரைந்துகொண்டே இருப்பதால் இந்த வேறுபாடு. காகிதம் போன்ற உரசலைத் தரும் திரைகளில் ஸ்டைலஸ் முனை தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளூரில் கிடைக்காத மாடலென்றால் முனைக்கும் இறக்குமதிதான். முன்விளக்கு எல்லாக் குறிப்பேடுகளிலும் இல்லை: ரிமார்க்கபிள் 2இல் இல்லை. இரவு வாசகர்கள் இந்த ஒரு வரியைத் தவறவிட்டு வருந்தியதுண்டு.

வண்ணத் திரை குறித்துச் சுருக்கமாக: பரவலான வகையில், கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ண வடிகட்டி ஒன்று பதிக்கப்படுகிறது. கறுப்பெழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளியில் தெரியும்போது வண்ணம் 150 புள்ளியில்தான் தெரியும். வடிகட்டி ஒளியை விழுங்குவதால் பின்னணியும் இருளும். பாடநூல் வரைபடங்களும் வண்ண அடிக்கோடுகளும் முக்கியமென்றால் மட்டும் இதை நினைக்கலாம். நாவல் வாசகருக்கு இது பின்னடைவு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை, இந்த வரிசையில்

1. கடந்த ஆறு மாதத்தில் படித்த, படிக்க எடுத்துவைத்த கோப்புகளில் பிடிஎஃப் எத்தனை? பாதிக்கு மேல் என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே பார்க்க வேண்டாம். கால்பங்குக்கும் குறைவென்றால் 6 அல்லது 7 அங்குல வாசிப்பானே போதும்.

2. எங்கே படிக்கிறீர்கள்? படுக்கையிலும் பயணத்திலும் என்றால் எடையும் முன்விளக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியவை. மேசையில் என்றால் எடை ஒரு பொருட்டல்ல.

3. இப்போது தாளில் எழுதும் குறிப்புகளை நீங்கள் திரும்பப் புரட்டுவதுண்டா? உண்டு என்றால் குறிப்பேட்டின் அடுக்கும் வசதிக்குப் பொருள் இருக்கிறது. எழுதியதோடு மறப்பவருக்கு அந்த வசதிக்குப் பணம் தருவது வீண்.

4. தமிழ்க் குறிப்புகள் தேடலில் கிடைத்தாக வேண்டுமா? அந்தக் கருவியின் மொழிப் பட்டியலைப் பார்த்தபின் பணம் கட்டுங்கள். தமிழ் இல்லாவிட்டால், எழுதி அடுக்கும் வசதியை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள்.

5. ஏற்கெனவே ஒரு கடையில் நூல்களை வாங்கிக் குவித்திருக்கிறீர்களா? அந்தக் கடைக்குள்ளேயே பெரிய திரை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

6. உங்கள் ஊருக்கு நேரடியாக விற்கப்படாத மாடலா? சுங்கவரியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

முதல் கேள்விக்கான பதில் ஐயமாக இருந்தால், கடைக்குப் போகாமலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. அடிக்கடி படிக்கும் ஸ்கேன் நூலிலிருந்து ஐந்து பக்கங்களை எடுத்து, வெள்ளைத்தாளில் 91க்கு 122 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் அடங்குமாறு அச்சிடுங்கள். அதே பக்கங்களை 157க்கு 209 கட்டத்துக்குள் இன்னொரு முறை அச்சிடுங்கள். மின்தாளின் நுண்மை சாதாரண லேசர் அச்சுக்கு ஓரளவு நெருக்கமானது என்பதால், இந்தப் பத்துத் தாள்கள் கருவியில் தெரியப்போவதைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். இரவு விளக்கொளியில், வழக்கமாகப் படிக்கும் இடத்தில் அமர்ந்து, இரண்டையும் அரை மணி நேரம் படித்துப் பாருங்கள்.